தாயின் தோலில் பூசுவது சேயையும் சேரும்

(ஜமாஅத்தின் குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

கருவுற்ற பெண்கள் தங்கள் தோலைப் பேணுவது பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். முகப்பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பள்ளிவாசல் மேடை தேவையா என்று சிலர் எண்ணக்கூடும். கர்ப்பிணி உண்ணும் உணவைப் பற்றி நாம் எத்தனை கவனம் காட்டுகிறோம்! பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் காவல் நிற்கிறார்கள். அதே பெண், உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதப்படாத ஒரு டப்பாவிலிருந்து வெண்ணிறக் களிம்பை எடுத்து இரவுதோறும் முகத்தில் பூசுகிறாள். அதை யாரும் தடுப்பதில்லை. சில வீடுகளில் அந்த டப்பாவை வாங்கிக் கொடுப்பவர்களே நாம்தாம். ஆகவே இது பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சு அன்று. குடும்பத்தார் அனைவரும் கேட்க வேண்டிய பேச்சு.

திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில், 14ஆம் வசனம் ஒரு தாய் தன் பிள்ளையைச் சுமக்கும் காலத்தின் தளர்ச்சியை நினைவூட்டி, பெற்றோருக்கு நன்றி செலுத்துமாறு பணிக்கிறது. தளர்ச்சிமேல் தளர்ச்சியாக அவள் சுமக்கும் அக்காலத்தில், அவளுக்குத் தீங்கு வராமல் காப்பது சுற்றியிருப்போரின் கடமையாகும்.

தோல் ஒரு சுவர் அன்று

தோலின்மேல் பூசுவது மேலோடு நின்றுவிடும் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. நெஞ்சுவலி நோயாளிகளுக்கு மார்பில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் இருப்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். அந்த மருந்து தோலின் வழியாகவே இரத்தத்தில் கலந்து இதயத்தைச் சென்றடைகிறது. மருந்து நுழையும் வழியில் நஞ்சும் நுழையும். தாயின் இரத்தத்தில் கலந்தவற்றுள் பலவற்றை நச்சுக்கொடி தடுத்து நிறுத்துவதில்லை. அவை சிசுவையும் சென்றடைகின்றன. பூசும் பொருள் எது, எவ்வளவு இடத்தில் பூசுகிறோம், எத்தனை நாள் பூசுகிறோம் என்பவற்றைப் பொறுத்து உட்புகும் அளவு கூடும் அல்லது குறையும்.

கர்ப்பகாலத்தில் தோலில் இயல்பாகவே பல மாற்றங்கள் தோன்றுகின்றன. கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பு நிறப் படலம் படர்கிறது. இதை நாம் மங்கு என்கிறோம். அடிவயிற்றில் ஒரு கருங்கோடு தோன்றும். கழுத்தும் அக்குளும் கறுக்கும். சிலருக்கு முகப்பரு மிகுதியாகும். உடலில் சுரக்கும் ஹார்மோன்களின் மாற்றமே இவற்றுக்குக் காரணம். மங்கு படர்வதற்கு வெயிலும் துணைபுரிகிறது. குழந்தை பிறந்து சில மாதங்களில் இவை பெரும்பாலும் தாமாகவே மங்கிவிடும். சிலருக்கு மங்கு நீடிப்பதும் உண்டு. அதற்குப் பிரசவத்திற்குப் பின் பொறுமையாக மருத்துவம் செய்துகொள்ளலாம்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளையைப் பார்க்க வருபவர்களும், தாயைப் பார்க்க வருபவர்களும், "ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வி அப்பெண்ணைக் கடைக்கு அனுப்பிவிடுகிறது.

வெண்மையின் பின்னே இருக்கும் பாதரசம்

சிவப்பழகு தரும் என்று விற்கப்படும் பூச்சுகளுள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருள் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது. விரைவாகப் பலன் தெரிவதால் வாய்மொழியாகவே அப்பூச்சின் புகழ் பரவுகிறது. உள்ளே சென்ற பாதரசமோ சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. நரம்புகளையும் அது பாதிக்கும்.

நமக்கு அண்டையிலுள்ள மலப்புறம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம்மைப் போன்றே வளைகுடா நாடுகளோடு உறவுள்ள குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் அது. அங்கே கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறி உடல் வீங்கும் நோய் அது. அவர்களுள் 15 பேருக்கு, வழக்கமாக அரிதாகவே காணப்படும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுப் பூச்சைப் பயன்படுத்தியவர்கள் என்பது விசாரித்தபோது தெரியவந்தது. பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலானோர் தேறினார்கள். இந்த ஆய்வு பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியாகியுள்ளது.

இதே நிலை ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கால் வீக்கமும், சிறுநீரில் புரதமும் கர்ப்பகால இரத்த அழுத்த நோயிலும் வரக்கூடிய அறிகுறிகள். பூச்சைப் பற்றி அவள் சொல்லாவிட்டால், மருத்துவர் உண்மையான காரணத்தைக் கண்டறிவது கடினம்.

பாதரசம் சிசுவுக்கு என்ன செய்யும் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய ஊர் ஜப்பானின் மினமாட்டா. அங்குள்ள ஓர் ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசம் மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்ட மக்களைத் தாக்கியது. 1956இல் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. தமக்கு நோயின் அறிகுறி அதிகம் இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். மீனில் இருந்த பாதரசமும் பூச்சில் இருக்கும் பாதரசமும் வேதியியலில் ஒரே வகை அல்ல. மீனில் இருந்தது இன்னும் கொடியது. ஆயினும் பூச்சிலுள்ள வகையும் கருப்பையையும் தாய்ப்பாலையும் எட்டக்கூடியதே.

அந்த ஊரின் பெயராலேயே 2013இல் பாதரசத்திற்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 2018இல் அதனை ஏற்று உறுதி செய்தது. 2023இல் கூடிய உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் விலக்குவதென முடிவெடுத்தன. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் பல நாடுகளில் பிடிபட்ட பூச்சுகளில் இது ஆயிரக்கணக்கான பங்குகளாக இருந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. எனினும் பயணப் பெட்டிக்குள் வரும் டப்பாவைச் சட்டம் எப்படிப் பார்க்கும்? நாம்தான் பார்க்க வேண்டும்.

எப்படி அறிவது? சில அடையாளங்கள் உண்டு. உட்பொருட்களின் பட்டியலே இல்லாத டப்பா, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பா ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு, காலோமெல், அமோனியேட்டட் மெர்க்குரி என்னும் பெயர்களுள் எது இருந்தாலும் அது பாதரசமே. தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கையே. பாதரசம் உலோகத்தோடு கூடும் இயல்புடையது. நகைக்கு ஆகாத பொருள் நம் பிள்ளைக்கு ஆகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசியவரின் கையிலிருந்தும், துண்டிலிருந்தும், தலையணை உறையிலிருந்தும் பாதரசம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவும். கர்ப்பிணி பூசாவிட்டாலும், அவளுடைய நாத்தனாரோ மாமியாரோ பூசினால் அவளுக்கும், பிறந்த பின் குழந்தைக்கும் தீங்கு நேரலாம். ஆகவே அந்த டப்பா கர்ப்பிணியின் அலமாரியை விட்டு வேறோர் அலமாரிக்குப் போவதால் பயனில்லை. வீட்டை விட்டே போக வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் களிம்பும் மாத்திரையும்

சிலர், "நாங்கள் வெளிநாட்டுப் பூச்சு வாங்குவதில்லை, மருந்துக் கடையில்தான் வாங்குகிறோம்" என்று சொல்கிறார்கள். மங்குக்கென விற்கப்படும் ஒரு வகைக் களிம்பில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று ஹைட்ரோகுவினோன். இது தோலின் வழியே மிகுதியாக உட்புகக்கூடியது; கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. இரண்டாவது டிரெடினாயின். இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. இதையும் கர்ப்பத்தில் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள். மூன்றாவது ஸ்டீராய்டு. வீரியமிக்க ஸ்டீராய்டுக் களிம்பைக் கர்ப்பகாலத்தில் மிகுதியாகப் பூசுவது சிசுவின் எடை குறைவதோடு தொடர்புடையது. முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும் நிலைக்கு வந்துவிடும். 2018இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாதென மைய அரசு அறிவித்தது. ஆகவே கடைக்காரர் தாமே எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இவற்றைவிடக் கொடியது ஒரு மாத்திரை. கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் என்பது அதன் பெயர். கர்ப்பத்தில் இது உட்கொள்ளப்பட்டால் சிசுவின் மூளை, இதயம், காது, அண்ணம் ஆகியவை குறையுடன் உருவாகக்கூடும். சிசுவின் உறுப்புகள் கருத்தரித்த மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்திற்குள் உருப்பெறுகின்றன. மாதவிலக்கு தள்ளிப்போனதை ஒரு பெண் உணரும் வேளையில் அந்த வேலை தொடங்கிவிட்டிருக்கும். ஆதலால் இம்மாத்திரையை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் சென்ற பின்னரே கருவுற வேண்டும்.

நிக்காஹ் உறுதியானதும் மணமகளின் முகம் பொலிய வேண்டுமென்று களிம்பும் மாத்திரையும் தொடங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மணமான ஓரிரு மாதங்களில் அப்பெண் கருவுறுகிறாள். எனவே இந்த எச்சரிக்கை கர்ப்பிணியை விட மணப்பெண்ணுக்கே முதலில் சென்று சேர வேண்டும். பாதரசமும் உடலை விட்டு உடனே நீங்குவதில்லை. அதற்குச் சில மாதங்கள் ஆகும்.

சுர்மாவும் மருதாணியும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஸ்மித் என்னும் அஞ்சனக் கல்லைப் பரிந்துரைத்ததாக நபிமொழிகளில் வருகிறது. அதன்மீதுள்ள அன்பினால் நாம் சுர்மா இட்டுக்கொள்கிறோம். ஆனால் இன்று சுர்மா என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பல, ஈயத்தின் சல்ஃபைடு கலந்தவை என்பது சோதனைகளில் பலமுறை தெரியவந்துள்ளது. ஈயம் நச்சுக்கொடியைக் கடந்து செல்லும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பாதுகாப்பான அளவு என்று அதற்கு ஒன்றே இல்லை. ஆகவே ஈயமில்லை என்பது சோதனையால் உறுதியாகாத சுர்மாவைக் கர்ப்பிணியும், பாலூட்டும் தாயும் தவிர்க்க வேண்டும். பச்சிளங்குழந்தையின் கண்ணில் அதை இடவே கூடாது. பெயர் சுன்னத்தின் பெயராக இருப்பதால் பொருளும் அதுவே ஆகிவிடாது.

மருதாணி இலையைப் பறித்து அரைத்துக் கையில் இடுவதில் கர்ப்பிணிக்குப் பொதுவாகத் தடையில்லை. அது செம்மஞ்சள் அல்லது செந்நிறம் தரும். ஊறச் சில மணி நேரம் வேண்டும். சிறிது நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கறுப்பு மருதாணிக் கூம்புகளில் தலைச்சாயத்திற்குரிய ரசாயனம் கலந்திருக்கும். அது தோலில் கொப்புளங்களை எழுப்பிக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். பெருநாள் இரவிலும் திருமண வீட்டிலும் அந்தக் கூம்பைத் தவிர்ப்போம். மேலும், பிறந்த குழந்தையின் கைகால்களில் மருதாணி இடுவதையும் விட்டுவிடுங்கள். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்துள்ள குழந்தைகளுக்கு அசல் மருதாணியும் இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைத் தரக்கூடும்.

அப்படியானால் எதைப் பூசலாம்?

தேவையானவை மிகக் குறைவு. முகம் கழுவ மென்மையான சோப்பு அல்லது பயற்றம் மாவு போதும். வறண்ட தோலுக்கும், வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்புக்கும் தேங்காய் எண்ணெயோ, மணம் சேர்க்காத சாதாரண ஈரப்பதக் களிம்போ, வாசலினோ போதும். வயிற்றுக் கோடுகளை வராமலே தடுக்கும் என்று விலை உயர்ந்த எண்ணெய்களை விற்கிறார்கள். அவ்வாறு தடுக்கும் என உறுதியாக நிறுவப்பட்ட பூச்சு எதுவும் இல்லை. மஞ்சள் பூசும் வழக்கமுள்ளவர்கள் உதிரித் தூளைத் தவிர்த்து, கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். நிறம் கூட்ட ஈயக் குரோமேட்டு கலப்படம் செய்யப்படும் தூள் சந்தையில் உண்டு.

மங்குக்கு முதல் மருந்து நிழல். குடையும், முகத்தில் வெயில் படாமல் காக்கும் துணியும் செலவில்லாத காப்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கொண்ட வெயில் காப்புக் களிம்பைப் பூசலாம். அவை பெரும்பாலும் தோலின் மேலேயே நிற்பவை. முகப்பருவுக்கு மருத்துவம் தேவையென்றால் அசிலாயிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றைக் கர்ப்பத்திலும் மருத்துவர் தரக்கூடும். மருந்தே கூடாது என்பதில்லை. தாமாக வாங்கிப் பூசுவதுதான் கூடாது.

ஓர் அரிப்பை மட்டும் பூச்சால் ஆற்ற முயலாதீர்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில், தோலில் தடிப்பு எதுவுமின்றி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அது சிசுவின் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே சந்தேகத்திற்குரிய பூச்சைப் பயன்படுத்திய சகோதரிகள் இந்த அவையில் இருக்கக்கூடும். நீங்கள் அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள். அந்த டப்பாவைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. சிறுநீர் நுரைத்துப் போனாலும், முகமோ காலோ வீங்கினாலும் காலம் தாழ்த்தாதீர்கள். நெடுநாள் களிம்பு பூசியவர்கள், அதை நிறுத்தும் முறையையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவச சிறப்புப் பரிசோதனை நடத்தும் திட்டம் உள்ளது. அந்த நாளில் இதையும் கேளுங்கள்.

நிறத்தைப் பற்றி நம் பேச்சு

குங்குமப்பூ கலந்த பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பார்கள். பிள்ளையின் நிறத்தைத் தீர்மானிப்பவை தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்கள். எந்தப் பாலும் எந்தப் பூச்சும் அதை மாற்றா. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் எண்ணுகிறான். நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்ற பிலால் (ரலி) அவர்களை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் நிறத்தைக் கேட்கிறோம். இந்த முரண்பாடு நம்முடையது. அதன் விலையைச் செலுத்துபவர்கள் நம் பெண்கள். இப்போது அவர்கள் வயிற்றிலுள்ள பிள்ளைகளும்.

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் கணவன்மாரும் சகோதரர்களும், அன்பின் அடையாளமாக முகப்பூச்சு டப்பாக்களைக் கொண்டுவர வேண்டாம். மாமியார்களிடம் ஒரு வேண்டுகோள். "கறுத்துவிட்டாய்" என்னும் சொல்லை மருமகளிடம் சொல்லாமல் விடுங்கள். அவளுக்கு அது எந்தக் களிம்பையும் விட நலம் தரும். ஜமாஅத் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாருக்கும் இச்செய்திகளை ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கொடுங்கள். அச்சுச் செலவு சொற்பமே. அது ஒரு சிசுவைக் காப்பாற்றினாலும் அதன் பலன் அளவற்றது.

பிறருக்குத் தீங்கிழைப்பதும், தமக்குத் தாமே தீங்கு தேடிக்கொள்வதும் கூடாது என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை. கருவுற்ற தாயிடம் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அவள் தனக்குச் செய்துகொள்ளும் தீங்கு, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத இன்னோர் உயிரைச் சேர்கிறது. எனவே உட்பொருள் தெரியாத எதையும் தோலில் பூசுவதில்லை என்று இன்று உறுதி கொள்வோம்.

நம் தாய்மார்களுக்கு நலமான கர்ப்பகாலத்தையும், எளிதான பிரசவத்தையும், குறையற்ற குழந்தைகளையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக. ஆமீன். எல்லாப் புகழும் இறைவனுக்கே.